கம்பத்து ஒயினைக் கம்பத்திலேயே குடிக்க வேண்டும்

தேனி மாவட்டத்தில் வருசநாட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே மேகமலைத் தொடர் நிற்கிறது. கிழக்குப் பக்கம் மூல வைகை. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். இலவமும் புளியும் தென்னையும் அந்த மழையை நம்பியே நிற்கின்றன. மேற்குப் பக்கம் 1895-இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி வருகிறது. அதனால் நெல், வாழை, அவற்றுக்கு மேலே ஆள் உயரத்தில் திராட்சைப் பந்தல். தேக்கடிக்குப் போகிறவர்களும் கேரளத்திலிருந்து சுற்றுலா வருகிறவர்களும் கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தி, பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, படம் எடுத்துக்கொண்டு, ஒரு டம்ளர் பழச்சாறு குடித்துவிட்டு, இரண்டு கிலோ வாங்கிக் கிளம்புகிறார்கள். தோட்டம் பார்க்க ஆள் வர வேண்டும் என்று இங்கே யாரும் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதே பழத்தில் செய்த ஒயினை, அது விளைந்த இடத்தில், அந்த ஊர்ச் சாப்பாட்டோடு உட்கார்ந்து சுவைத்துப் பார்ப்பது என்ற வழக்கம் மட்டும் இங்கே வேர்பிடிக்கவில்லை. பணக்காரர் பொழுதுபோக்கு, நாசிக்குக்கும் பெங்களூருக்கும் பொருந்தும், நமக்கெதற்கு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. என் வாதம் நேர் எதிரானது. நாசிக் திராட்சைக்குச் சுவைக்கூடம் ஒரு விற்பனை உத்தி. கம்பத்துத் திராட்சைக்கு அது கட்டாயத் தேவை. காரணம் அந்தப் பழத்துக்குள்ளேயே இருக்கிறது.

நாம் பன்னீர் திராட்சை என்று சொல்லும் பழத்தைத் தாவரவியலார் மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். 2023-இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டார் என்பது ஊர் வழக்கு. இந்த ரகம் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பேர் பெற்றது என்பதை நினைத்தால், அந்த ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் தயக்கம் வருகிறது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு கொடியாகவும் இருந்திருக்கலாம். அது இருக்கட்டும். இந்தப் பழத்தின் மதிப்பு அதன் மணத்தில் இருக்கிறது. லினலூல், ஜெரானியால் என்ற எண்ணெய்ப் பொருள்கள்தான் அந்த மணத்துக்குக் காரணம். ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு. லினலூல் கொத்தமல்லி விதையிலும் ஏலக்காயிலும் உண்டு. இரண்டுமே எளிதில் ஆவியாகும், காற்றுப் பட்டால் மாறும். பழமும் அப்படித்தான்: தோல் மெல்லியது, விதை உள்ளது, வெட்டிய இரண்டு மூன்று நாளில் காம்பு வாடிக் காய் உதிரத் தொடங்கும். விதையில்லாத வடநாட்டுத் திராட்சை குளிர்ப்பெட்டியில் கடல் கடந்து போகிறது. பன்னீர் திராட்சை கேரளச் சந்தைக்கும் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி வாழ்நாளைக் கழித்துவிடுகிறது.

அதை நொதிக்க வைத்து ஒயினாக்கினாலும் இந்தக் குணம் போவதில்லை. கடினமான தோலும் மிகுந்த துவர்ப்பும் உள்ள கேபர்னே சாவினியோன் போன்ற சிவப்புத் திராட்சையின் ஒயின் புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் முதிரும்; அந்தத் துவர்ப்பே அதற்குக் காவல். மஸ்கட் குடும்பத்து ஒயின்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. புதிதாக இருக்கும்போது மலர்போல மணக்கும். ஓரிரண்டு ஆண்டுக்குள் மணம் தணிந்துவிடும். சூட்டில் வைத்தால் அதற்கும் முன்பே போய்விடும். ஏப்ரல், மே மாதத்தில் மதுரையிலோ திருச்சியிலோ குளிர்சாதனம் இல்லாத ஒரு டாஸ்மாக் கடையின் அலமாரியை நினைத்துப் பாருங்கள். பிராந்தி, ரம் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் புட்டியில், வாங்குகிறவர் திறக்கும்போது என்ன மிஞ்சியிருக்கும்? இனிப்புத் தண்ணீரில் கொஞ்சம் சாராயம். 2003 முதல் தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருப்பதால் உள்ளூர் ஒயினுக்கும் அதுவே வழி. கம்பம் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டிக்கொண்டு ஓர் ஒயின் ஆலை இங்கே எழுந்தும், அந்தப் பெயர் தமிழ்நாட்டு வீடுகளில் பரவாததற்கு மக்களின் ரசனைக் குறைவைக் காரணம் காட்டுவது நியாயமல்ல. கடை அலமாரியின் முன் நிற்பவர் எத்தனை ரூபாய்க்கு எவ்வளவு போதை என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் மெல்லிய ஒயின் என்றைக்கும் தோற்கும். வண்டியேறிப் போகக் கூடாத பொருளை வண்டியேற்றிவிட்டு, விற்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. ஆளைத்தான் அதனிடம் வரவழைக்க வேண்டும்.

வரவழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாசிக் சான்று. ராஜீவ் சாமந்த் அங்கே சுலா நிறுவனத்தைத் தொடங்கி 2000-இல் முதல் புட்டிகளை வெளியிட்டார். 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2005-இல் சுலா தன் தோட்டத்தை ஒட்டி ஒரு சுவைக்கூடத்தைத் திறந்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது. கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்துக் குரோவர் தோட்டமும் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்தது. சுவைக்கூடம் என்பது குடிக்கிற இடமல்ல, ஒப்பிட்டுப் பார்க்கிற இடம். நாலைந்து ஒயின், ஒவ்வொன்றும் 30 அல்லது 40 மில்லி. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். இனிப்பை முதலில் குடித்தால் மற்றதெல்லாம் புளிக்கும். கோப்பையை வெளிச்சத்தில் பார்ப்பது, சுழற்றி முகர்வது, வாயில் ஒரு சுற்றுச் சுற்ற விடுவது, பிறகு விழுங்குவது, அல்லது பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்புவது. துப்புவதில் அவமரியாதை எதுவுமில்லை. ஒயினையே தொழிலாகக் கொண்டவர்கள் அத்தனை பேரும் துப்புகிறவர்கள்தான். இந்த அரை மணி நேரத்தில் ஒருவர் கற்றுக்கொள்வதை எந்தக் கடை அலமாரியும் கற்றுத் தராது.

ஆனால் நாசிக்கை அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நட்டால் அங்கே பட்ட அடி இங்கேயும் விழும். அங்கே விவசாயிகள் ஒயின் ஆலைகளை நம்பி, சாப்பிடுவதற்கு ஆகாத ஒயின் ரகங்களைப் போட்டார்கள். சின்னக் காய், நிறைய விதை, கெட்டித் தோல். 2008-க்குப் பிறகு விற்பனை சரிந்து, பெரிய ஆலைகளே தள்ளாடியபோது அந்தப் பழத்தை வாங்க ஆளில்லை. சந்தைக்குக் கொண்டுபோனாலும் யாரும் சீண்ட மாட்டார்கள். பலர் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். பன்னீர் திராட்சைக்கு இந்த ஆபத்து இல்லை. ஆலை வாங்காவிட்டால் வியாபாரி வாங்குவார், வியாபாரி விலையை அடித்தால் ஆலைக்குப் போகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மகாராஷ்டிர, கர்நாடக விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக இறங்கும்போது பன்னீரின் விலை படுத்துவிடுகிறது. 2020 ஊரடங்கில் வாங்க வண்டி வராமல் பழம் பந்தலிலேயே வீணானது. அந்த மாதிரி வாரங்களில் பக்கத்தில் ஓர் அரவைச் சாலை இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கையே மாற்றும்.

இன்னொரு வசதியும் உண்டு, அதை யாரும் போதுமான அளவு பேசியதாகத் தெரியவில்லை. நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஆலையின் விலை உயர்ந்த எஃகுத் தொட்டிகளில் நொதிப்பு நடப்பது அந்தப் பருவத்தில்தான். கம்பத்தில் ஒருவர் கவாத்து வெட்டும்போது அடுத்தவர் காய் வெட்டுவார். ஒரே கொடியில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து வெட்டு எடுக்க முடிகிற பகுதி இது. ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழுத்த கொத்து தொங்கும். ஒரே தொட்டியை ஆண்டில் பல முறை நிரப்பலாம், ஆகவே சின்ன ஆலையே போதும், முதலும் குறைவு. வருகிறவருக்கும் எந்த மாதம் வந்தாலும் பழம், அரவை, நொதிப்பு மூன்றையும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். ஐரோப்பாவின் எந்தப் பேர்போன தோட்டத்தாலும் இதைக் கொடுக்க முடியாது.

இங்கே ஒயின் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள்: பன்னீர் திராட்சை சாப்பிடுகிற பழம், அதில் நல்ல ஒயின் வராது; மழைக்கால வெட்டில் சர்க்கரையும் ஏறாது. இரண்டாவது பாதி உண்மைதான். திராட்சைச் சாற்றில் நூற்றுக்கு 24 பங்கு சர்க்கரை இருந்தால் ஒயினில் சுமார் 13 சதவீதம் ஆல்கஹால் வரும். 17 பங்குதான் என்றால் 9-ஐத் தாண்டுவது கடினம். கனமான சிவப்பு ஒயின்தான் ஒயின் என்று நினைத்தால் இது குறை. இத்தாலியின் அஸ்தி வட்டாரத்தில் வெள்ளை மஸ்கட்டிலிருந்து ஐந்தாறு சதவீதம் மட்டுமே ஆல்கஹால் உள்ள, இலேசாக நுரைக்கும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நொதிப்பைப் பாதியில் குளிர வைத்து நிறுத்திவிடுவதுதான் நுட்பம். அதை உலகம் முழுவதும் விரும்பிக் குடிக்கிறார்கள். நம் மஸ்கட் ஹாம்பர்க்கையே எடுத்துக்கொண்டாலும் சான்று உண்டு. சீனத்தின் தியான்ஜின் நகரில் பிரெஞ்சுக் கூட்டுறவோடு 1980-இல் தொடங்கிய டைனஸ்டி நிறுவனம் தன் முதல் வெள்ளை ஒயினை இந்தப் பழத்தில்தான் செய்தது. கிரேக்கத்தின் டிர்னாவோஸ் வட்டாரம் இதிலிருந்து ஒயினும், சக்கையிலிருந்து சிபுரோ என்ற வடிமதுவும் எடுக்கிறது. கலிஃபோர்னியாவின் குவாடி நிறுவனம் இதே பழத்தில் செய்யும் ‘எலிசியம்’ சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் இனிப்பு ஒயின்களில் பேர்பெற்றது. மூவரும் செய்த புத்திசாலித்தனம் ஒன்றே: இந்தப் பழத்தைக் கேபர்னேபோல நடிக்க வைக்கவில்லை. கம்பத்திலும் கோடை வெட்டில் இனிப்புச் சிவப்பு, மழைக்கால வெட்டில் மெல்லிய நுரை ஒயின் என்று பிரித்துக்கொள்ள இடமிருக்கிறது. மழைக்காலத்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மருந்து ஒயினுக்கும் கேடுதான். ஆலைக்குக் கொடுக்கும் பந்தலில் கடைசி மருந்துக்கும் வெட்டுக்கும் நடுவே கூடுதல் நாள் விட வேண்டும்.

மெல்லியதும் இனிப்பானதும் என்பது நம் சாப்பாட்டுக்கு முன்னால் குறையே அல்ல. மேல்நாட்டுப் புத்தகங்கள் ஆட்டுக்கறிக்குத் துவர்ப்பான சிவப்பு ஒயினைப் பரிந்துரைப்பது, அந்த ஊர்க் கறியில் மிளகாய் இல்லாததால். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். துவர்ப்பு இன்னும் கூட்டும். இனிப்பும் குளிர்ச்சியும் தணிக்கும். தேனிப் பக்கத்து மிளகு சுக்காவோடு 14 சதவீதக் கேபர்னேயைக் குடித்தால் நாக்கு இரண்டு முறை சுடப்படும். குளிரவைத்த பன்னீர் ஒயின் அங்கே சரியாக உட்காரும். கொத்தமல்லி விதையை வறுத்து அரைத்த மசாலாவுக்கும் பழத்துக்கும் லினலூல் பொது என்பதால், ஒன்றின் மணத்தை மற்றது தூக்கிக் கொடுக்கும்; போடியில் ஏலம் போகும் ஏலக்காய்க்கும் இதே உறவு. வைகை அணைப் பக்கம் பொரித்துத் தரும் மீனுக்கு நுரை ஒயின் பொருந்தும்: உப்பும் எண்ணெயும் இருக்கும் இடத்தில் நுரை நாக்கைக் கழுவும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொன்னால் அது விளம்பரம். புளி கனமாகக் கரைத்த அயிரை மீன் குழம்புக்கு முன்னால் வெப்பநாட்டுத் திராட்சையின் மெல்லிய புளிப்பு காணாமல் போகும், ஒயின் சப்பென்று இருக்கும். அந்தக் குழம்புக்குச் சோறுதான் துணை. இனிப்புப் பலகாரத்தில் ஒயினைவிட இனிப்புக் குறைவாக இருக்க வேண்டும், ஆகவே கருப்பட்டிப் பணியாரம் ஒயினை வென்றுவிடும். வருசநாட்டுத் தேங்காயைப் பால் எடுத்து, சர்க்கரையை அடக்கி, ஏலக்காய் தட்டிச் செய்த எதுவும் வெல்லாது. சுவைக்கூடத்தின் தட்டு இந்த மாவட்டத்திலிருந்தே வந்தால், பெரியாறு தண்ணீர் எட்டாத மலையின் கிழக்குப் பக்கத்துக்கும் இந்தத் தொழிலில் ஒரு பங்கு கிடைக்கும். பாலாடைக்கட்டியும் ரொட்டியும் பெங்களூரிலிருந்து வரவழைத்தால் கிடைக்காது.

கடினமான மறுப்பு இனிமேல்தான். தமிழ்நாட்டில் மதுவைப் பற்றி இலேசாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. 1971-இல் அதைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி, மீண்டும் தளர்த்தி, கடைசியில் அரசே கடை நடத்தும் நிலைக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியல் செய்யும் பெண்களிடம் போய் ஒயின் சுற்றுலாவின் அழகைப் பேசினால் அவர்கள் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருப்பார்கள். ஒயின் உடம்புக்கு நல்லது என்ற பதிலை நான் சொல்லப் போவதில்லை, அது உண்மையல்ல. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது பிராந்திக்கும் பொருந்தும், பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லும் கொடியின் ஒயினுக்கும் பொருந்தும்.

என் பதில் அளவையும் இடத்தையும் பற்றியது. குடும்பங்களைச் சீரழிப்பது மலிவாக, தினமும், வீட்டுக்குப் பக்கத்தில், வெறும் வயிற்றில் குடிக்கக் கிடைக்கும் 42 சதவீத மது. சுவைக்கூடம் இதில் ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கம் நிற்கிறது: தூரம் போக வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கிடைப்பதோ நாலைந்து கோப்பையில் மொத்தம் 150 மில்லி. கூலி வாங்கிய கையோடு யாரும் அங்கே போக மாட்டார்கள். 2022-இல் மகாராஷ்டிர அரசு பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவு செய்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அது மதுவை மளிகைச் சாமானோடு வைக்கும் முடிவு. நான் கேட்பது மளிகைக் கடைக்கு வரும் ஒயின் அல்ல, விளைந்த இடத்தை விட்டு நகராத ஒயின். இது குடியைக் குறைக்குமா என்றால், குறைக்காது. பிராந்தி குடிப்பவர் பன்னீர் ஒயினுக்கு மாறிவிடுவார் என்று சொல்கிறவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். புதிதாகச் சிலர் குடிக்கப் பழகுவார்கள் என்ற அச்சத்தையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் கட்டுப்பாடு விதியிலேயே இருக்க வேண்டும்: 21 வயதுக்குக் கீழே கோப்பை கிடையாது, சாப்பாடு இல்லாமல் ஒயின் கிடையாது, இரவு விற்பனை கிடையாது. குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே பந்தலின் நொதிக்காத சாறு, அதே கண்ணாடிக் கோப்பையில். மணத்தைச் சாற்றிலும் ஒப்பிடலாம். வெவ்வேறு வெட்டின் சாற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

வண்டி ஓட்டும் சிக்கல் இதைவிட உடனடியானது. குமுளி மலைப்பாதை 30 மில்லி கோப்பைகளுக்குக்கூட மன்னிப்புக் கொடுக்காது. சட்டமும் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆனால் 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிக்கு அகல ரயில் பாதை திறந்தாயிற்று, 2023 ஜூனில் அது போடி வரை நீண்டது. நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும் திரும்பவும் வேன் வைத்து, அதன் கட்டணத்தைச் சுவைச் சீட்டிலேயே சேர்த்துவிட்டால், யாரும் சாவியைத் தொட வேண்டியதில்லை.

விவசாயிக்கு இதில் என்ன மிஞ்சும், லாபமெல்லாம் ஆலைக்காரருக்குத்தானே என்பார்கள். ஒரு 750 மில்லி புட்டிக்குச் சுமார் 1.2 கிலோ பழம் வேண்டும். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் புட்டிக்குள் இருக்கும் பழத்தின் விலை 48 ரூபாய். விவசாயிக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் புட்டியின் அடக்கம் ஏறுவது 12 ரூபாய்தான். சுவைச் சீட்டு வாங்கி வருகிற யாரும் அந்த 12 ரூபாயைக் கவனிக்க மாட்டார்கள். மொத்தக் கொள்முதல் விலைக்கு டாஸ்மாக்குக்குக் கொடுக்கும் ஆலையால் அது முடியாது, நேரே ஊற்றி விற்கும் ஆலையால் முடியும். அது தானாக நடந்துவிடாது. பழத்தின் குறைந்தபட்ச விலையை முன்கூட்டி எழுதித் தந்த ஆலைக்கு மட்டுமே சுவைக்கூட உரிமம் என்று விதியில் ஒரு வரி இருக்க வேண்டும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் பந்தல் வைத்திருப்பவர்கள் கூட்டுச் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக வந்தால், உரிமக் கட்டணத்தை அவர்கள் தாங்கும் அளவில் வைக்க இன்னொரு வரி. ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த வெட்டு எந்த ஒயினுக்கு, எத்தனை சர்க்கரையில் வெட்டுவது என்று ஓரிரு ஆண்டு சோதனை நொதிப்பு நடத்திப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் பள்ளத்தாக்கில் வேறில்லை. அந்தச் சோதனையை, வடநாட்டுப் பழம் வந்து விலை விழும் பிப்ரவரி மாதத்தில், வியாபாரி கைவிட்ட பந்தல்களின் பழத்தை வாங்கித் தொடங்கலாம்.